பெண் பிள்ளைகளின் கால்பந்துக்கு சிஎஸ்ஆர் நிதி: கையெழுத்துப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகளின் கால்பந்துப் பயிற்சிக்கு 2023-இல் ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் நிதியாக, அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டிய பணத்திலிருந்து, 4,80,000 ரூபாய் ஒதுக்கியது. கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் 'அப்புறம் என்ன, இனிமே கவலை இல்லை' என்றார்கள். அந்தப் பணம் வந்து, செலவாகி, கணக்கு முடிவதற்குள் என் கைப்பணத்தில் எழுபதாயிரம் போல திரும்பி வராமலே போனது. மூன்று சவரன் சங்கிலி மாதக்கணக்கில் அடகில் கிடந்தது. இடது விங்கில் ஓடிய பிள்ளை மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். விண்ணப்பம் போடும் முன் இந்த வழியில் ஏற்கெனவே போய் வந்த ஒருவர் என்னிடம் ஒரு மணி நேரம் பேசியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அப்படி யாரும் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

திண்டிவனம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நான் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை, கல்லூரிக் காலத்தில் ஆடியவள். சாயங்காலம் அரசு உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தோம். 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்து தமிழ்நாடு மகளிர் அணி முதன்முதலாக தேசிய சாம்பியன் ஆனது. அடுத்த ஆண்டு மதுரையின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீக்கை வென்றது. பக்கத்து மாவட்டம் கடலூரிலிருந்து இந்துமதி இந்தியாவுக்கு ஆடிக்கொண்டிருந்தார். 'நம்ம பக்கத்துப் பொண்ணுதானே' என்று சொல்லிச் சொல்லித்தான் பெற்றோர்களைச் சம்மதிக்க வைத்தோம். உடன் ஆடிய தோழிகள் சேர்ந்து 2019-இல் ஒரு அறக்கட்டளை பதிவு செய்தோம். எங்களோடு ஆடிய தங்கை ஒருத்தி முழுநேரப் பயிற்சியாளராக வந்தாள். மாதம் பன்னிரண்டாயிரம் சம்பளம். அதற்கே நாங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுத் திணறிக்கொண்டிருந்தோம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி அலைச்சல் இதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆனது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று ஏழாவது அட்டவணையில் பட்டியல் இருக்கிறது. அதில் ஊரக விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, பாராலிம்பிக், ஒலிம்பிக் விளையாட்டு இவற்றுக்கான பயிற்சி என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. பயிற்சி என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் மாரத்தான், விருது விழா மாதிரியானவை சிஎஸ்ஆர் செலவாகாது என்று 2014-லேயே அரசு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. 'ஒரு நாள் டோர்னமென்ட் வைங்க, பேனர் போடுங்க' என்று யாராவது கேட்டால், ஆண்டு முழுக்க நடக்கும் பயிற்சிதான் சட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் எல்லா அறக்கட்டளைக்கும் பணம் தர முடியாது. 12ஏ (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) இரண்டு பதிவும் வருமான வரித்துறையில் இருக்க வேண்டும். இதே மாதிரி வேலையைக் குறைந்தது மூன்று ஆண்டு செய்திருக்க வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு ஒரு எண்ணும் வாங்க வேண்டும். அந்தப் படிவத்துக்கு ஆடிட்டரின் டிஜிட்டல் கையெழுத்து தேவை. நாங்கள் அணுகிய முதல் கம்பெனியில் இதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் பல மாதம் 'பார்க்கிறோம் மேடம்' என்றே இழுத்தார்கள். மூன்றாண்டு விதி இருப்பது கடைசியில் எங்கள் ஆடிட்டர் மூலமாகத்தான் தெரிந்தது. பதிவுகள், ஆடிட்டர் கட்டணம், டிஜிட்டல் கையெழுத்துச் சாவி, திண்டிவனத்துக்கும் சென்னைக்கும் போய்வந்த செலவு என்று 28,000 ரூபாய் ஆனது. இந்தத் தொகையை எந்த நிதியும் பின்னால் திருப்பித் தராது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 12ஏ முதலில் மூன்றாண்டுக்குத் தற்காலிகமாகத்தான் கிடைக்கும். அந்த மூன்றாண்டும் பயிற்சி நடந்ததற்கான வருகைப் பதிவேடு, போட்டிச் சான்றிதழ், தணிக்கைக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். எங்களை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனது அந்த வருகைப் பதிவேடுதான்.

இனி முக்கியமான விஷயம், பட்ஜெட். பெண் பிள்ளைகள் விளையாட்டை விடுவது பந்து இல்லாததால் இல்லை. இருட்டிய பிறகு வீட்டுக்குப் போக வழி இல்லை, பசி, மாற்றுத்துணி மாற்ற இடம் இல்லை, கூட ஒரு பெண் பயிற்சியாளர் இல்லை. இந்த நாலில் ஒன்றுக்காகத்தான் விடுகிறார்கள். நிதி கொடுப்பவர்களுக்கோ ஜெர்சி, பந்து, பூட், கோல் வலை என்றால் உடனே புரிகிறது, போட்டோவிலும் தெரிகிறது. எங்கள் முதல் பட்ஜெட்டில் பயணத்துக்கு ஒரு தொகை போட்டிருந்தோம். 'தமிழ்நாட்டில்தான் பெண்களுக்கு பஸ் இலவசமாச்சே மேடம், இது எதுக்கு?' என்று கேட்டு, நிதி தந்த கம்பெனியில் அதை அடித்துவிட்டார்கள். விடியல் பயணம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில்தான். எங்கள் பக்கம் கடைசி டவுன் பஸ் பயிற்சி முடிவதற்கு முன்பே போய்விடும். அதற்குப் பிறகு வருவது வெளியூர் வண்டி, அதில் இலவசம் இல்லை, உள் கிராமங்களுக்கும் போகாது. ஷேர் ஆட்டோ ஒன்றுதான் வழி. நேரில் பேசியபோது இதை விளக்கினேன், தலையாட்டினார்கள். ஆனால் கையெழுத்தான ஒப்பந்தத்தில் பயணம் என்ற தலைப்பே இல்லை. தலைப்பில் இல்லாத செலவுக்குப் பிறகு ஒரு ரூபாய்கூட மாற்ற முடியாது. அந்த ஆண்டு ஷேர் ஆட்டோவுக்கு என் கையிலிருந்து போனது பன்னிரண்டாயிரம்.

அடுத்து பயிற்சியாளர் சம்பளம். 'நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, சட்டம் அப்படி' என்று சொல்லி, சம்பளத்தைப் பாதியாக்கப் பார்த்தார்கள். இந்த இடத்தில் விதியை நன்றாகத் தெரிந்து வைத்திருங்கள். அந்த 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சிஎஸ்ஆர் துறையைப் பொதுவாக நடத்த ஆகும் செலவுக்கானது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடைமுறைப்படுத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியின் வரையறையிலேயே இருக்கிறது. மைதானத்தில் நின்று பயிற்சி தருபவரின் சம்பளம் எப்படி நிர்வாகச் செலவாகும்? எங்கள் ஆடிட்டர் அந்த வரியைத் தட்டச்சு செய்து மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் முழுச் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன எதுவும் எடுபடவில்லை, எழுத்தில் போனதுதான் நின்றது.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. மத்தியானம் சத்துணவு சாப்பிட்ட பிள்ளை, அதற்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் ஓடுகிறாள். முட்டை, சுண்டல், வாழைப்பழம் என்று எழுதியபோது 'உணவு வழங்கல் எங்கள் திட்டப் பிரிவில் வராது' என்றார்கள். அதையே 'விளையாட்டு வீராங்கனைகளுக்கான ஊட்டச்சத்து' என்று பயிற்சித் தலைப்புக்குக் கீழே போட்டு, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்குக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்கள். ஸ்போர்ட்ஸ் பிராவுக்கும் நாப்கினுக்கும் பட்ஜெட்டில் வரி எழுத எங்களில் சிலருக்கே கூச்சம். எழுதத்தான் வேண்டும். நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா இல்லாமல் ஓடக் கூசி ஓரமாக உட்கார்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். 'இதர உபகரணங்கள்' என்று மறைத்து எழுதினால் பணம் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த வரிதான்.

பணம் வந்தது மார்ச் மாதத்தில். முதல் தவணை 60 சதவீதம், 2,88,000 ரூபாய். வந்த கையோடு ஒரு போன்: 'மார்ச் 31-க்குள்ள செலவு பண்ணி பில் அனுப்பிடுங்க.' கம்பெனி நம்மிடம் பணம் கொடுத்துவிட்டால் மட்டும் அது செலவாகக் கணக்கில் வராது, நாம் பயன்படுத்தியிருக்க வேண்டும். அதைத் தலைமை நிதி அதிகாரி சான்றளிக்கவும் வேண்டும். அந்த அவசரத்தில் பத்து மாதச் சுண்டலையும் சம்பளத்தையும் எப்படிச் செலவழிப்பது? பொருளாகத்தான் வாங்க முடியும். ஜெர்சிக்குக் கடையையும் அவர்களே சொன்னார்கள், டிசைனும் அவர்களே அனுப்பினார்கள். மேலே கீழே எல்லாம் வெள்ளை, லோகோ நன்றாகத் தெரிய வேண்டுமாம். பார்சலைப் பிரித்ததும் பெரிய பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். 'அக்கா, மேல வெள்ளை இருக்கட்டும், ஷார்ட்ஸ் மட்டும் பழசே போட்டுக்கிறோமே' என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். அந்த ஆண்டு உலகக்கோப்பைக்கு இங்கிலாந்து மகளிர் அணியே மாதவிடாய்க் கறை பயம் என்ற இதே காரணத்துக்காக வெள்ளை ஷார்ட்ஸை நீலமாக்கியது. விம்பிள்டனிலும் உள்ளே அடர்நிறம் போட்டுக்கொள்ள அனுமதித்தார்கள். எங்கள் பிள்ளைகள் கேட்டது அவ்வளவுதான். ஷார்ட்ஸ் மாற்றித்தர அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, பில் முடிந்துவிட்டதாம். ஜெர்சி நிறத்தையும் அளவையும் பிள்ளைகளே முடிவு செய்வார்கள் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்.

மார்ச் அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. திட்டத்தைத் தொடர் திட்டமாகக் கம்பெனியின் போர்டு (இயக்குநர் குழு) ஒப்புக்கொண்டால், அந்த ஆண்டு செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் அதற்கென்று ஒரு தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டு அடுத்த மூன்று நிதியாண்டு வரை செலவழிக்கலாம். கேட்டால் செய்வார்கள். ஆனால் போர்டு ஒப்புதலுக்குப் போகும் முன் கேட்க வேண்டும். எங்கள் திட்டம் அப்படி அறிவிக்கப்படாததால் இரண்டாம் தவணை அடுத்த ஆண்டு பட்ஜெட்டிலிருந்து வர வேண்டியதாகி, மறுபடியும் போர்டு ஒப்புதலுக்குப் போனது. ஜூனில்தான் ஒப்புதல், பணம் கைக்கு வந்தது தீபாவளி கழித்து. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை பயிற்சியாளர் சம்பளம் 84,000 ரூபாய்க்காகச் சங்கிலியை அடகு வைத்தேன். வட்டி ஐயாயிரத்துக்கு மேல். ஒப்புதலுக்கு முந்தைய ஏப்ரல், மே சம்பளம் 24,000-த்தை 'திட்டக் காலத்துக்குள் வராது' என்று தள்ளிவிட்டார்கள். அந்த மாதங்களில் எனக்கு வந்த கோபமும் அவமானமும் கொஞ்சநஞ்சமில்லை. நகை எங்கே என்று அம்மா கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றினேன். ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று தமிழ்நாடு மறுபடியும் தேசிய சாம்பியன் ஆனது. பிள்ளைகள் மைதானத்தில் அதைப் பேசிப் பேசிக் கூத்தாடினார்கள். எனக்கு அடுத்த மாதச் சம்பளக் கவலை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் சந்தோஷப்பட முடியாமல் போனதற்கு இன்றும் மனது ஆறவில்லை. ஒப்பந்தத்தில் மாதத் தேதியோடு தவணை அட்டவணை இருக்கட்டும், சம்பளம் முதல் தவணையிலேயே ஆறு மாதத்துக்கு முன்பணமாக வரட்டும்.

பில் விஷயம் சின்னதாகத் தோன்றும், ஆனால் நிதியைப் பிடித்து வைக்க அது ஒன்றே போதும். எங்களுக்குச் சுண்டல் அவித்துத் தருவது பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டு அக்கா. அவரிடம் ஜிஎஸ்டி பில் கேட்டார்கள். அவருடைய வியாபாரத்துக்கு ஜிஎஸ்டி பதிவே சட்டப்படி தேவையில்லை. வவுச்சரில் அவர் கையெழுத்து, ஆதார் நகல், வங்கிக் கணக்கில் பணம் போட்ட ரசீது என்று கொடுக்கலாம் என ஆடிட்டர் வழி சொன்னார். கையில் கொடுப்பதென்றால் 5,000-க்கு மேல் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி வாங்குங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அறப்பணிச் செலவாக ஏற்க மாட்டார்கள். ஷேர் ஆட்டோ அண்ணனுக்குக்கூட மாதம் ஒருமுறை யுபிஐயில் அனுப்புங்கள். எந்தப் பில், எந்த வவுச்சர் செல்லும் என்று கம்பெனியின் கணக்குத் துறையிடம் முதல் வாரமே மின்னஞ்சலில் பதில் வாங்கி வையுங்கள். நம்மிடம் பேசும் சிஎஸ்ஆர் அதிகாரி வேறு, பில்லைத் திருப்பி அனுப்பும் கணக்குத் துறை வேறு.

பணத்தைவிட எனக்கு வலித்தது போட்டோ. உபகரணம் வழங்கும் நாளில் கம்பெனி ஆட்கள் கேமராவோடு வந்து, பிள்ளைகளை ஷார்ட்ஸில் வரிசையாக நிற்க வைத்து எடுத்தார்கள். 'கிராமத்து ஏழைச் சிறுமிகளின் கனவு' என்று ஊர்ப்பெயரோடு ஃபேஸ்புக்கில் போட்டார்கள். இரண்டு நாளில் அது ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது, யாரோ அசிங்கமாக ஒரு வரி எழுதினார்கள். இடது விங் பிள்ளையின் அப்பா என் வீட்டு வாசலில் நின்று, 'டீச்சர், உங்களை நம்பித்தானே அனுப்பினேன்' என்றார். சத்தம் போடவில்லை. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. நானும் பயிற்சியாளரும் வீட்டுக்குப் போய்ப் பேசினோம், கம்பெனிக்குச் சொல்லிப் படத்தையும் எடுக்க வைத்தோம். ஆனாலும் அவர் மனம் மாறவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் படத்துக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம், பெயரும் ஊரும் வேண்டாம், வெளியிடும் முன் எங்களிடம் காட்ட வேண்டும், கேட்டால் உடனே நீக்க வேண்டும். இந்த நாலும் இல்லாத ஒப்பந்தத்தில் இனி நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஏழைச் சிறுமி என்ற சொல்லையும் அனுமதிக்க மாட்டேன். அவர்கள் வீராங்கனைகள்.

உடை மாற்றும் அறையும் கழிப்பறையும் கட்டத்தான் கம்பெனிகளுக்கு ஆசை, பெயர்ப்பலகை வைக்கலாம் என்பதால். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அரசுப் பள்ளி இடத்தில் கட்டினால் தலைமை ஆசிரியர் கடிதம், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதி எல்லாம் முன்கூட்டியே வேண்டும். எங்களுக்கு அனுமதி வருவதற்குள் நிதியாண்டே முடிந்துவிட்டது. இன்றைக்கும் பிள்ளைகள் அந்தச் சுண்டல் அக்கா வீட்டில்தான் உடை மாற்றுகிறார்கள். கட்டிய பிறகு தண்ணீர் மோட்டார் கரண்ட் பில் யார் கட்டுவது, யார் கழுவுவது என்பதையும் அந்தத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

சிஎஸ்ஆர் ஒன்றே கதி என்று இருக்கவும் வேண்டாம். போட்டிக்குப் போகும் செலவு, உபகரணம் மாதிரியான தேவைகளுக்கு தமிழக அரசு 2023-இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையை வீராங்கனைகள் அணுகலாம். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தின் அஸ்மிதா மகளிர் லீக்குகளில் ஆடக் கிடைக்கும் ஆட்ட அனுபவம் பெரிது. அந்தச் சான்றிதழ்கள் அடுத்த விண்ணப்பத்துக்கும் உதவும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் பணம் அனுப்புகிறேன் என்றால் கவனம். அவர் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அறக்கட்டளைக் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரென்றால் இந்தச் சிக்கல் இல்லை. அன்பில் அனுப்பும் பணம் அறக்கட்டளையின் பதிவுக்கே உலை வைத்துவிடும்.

இப்போது வேறொரு கம்பெனிக்கு மறுபடியும் எழுதியிருக்கிறோம். பட்ஜெட்டின் முதல் வரி பயிற்சியாளர் சம்பளம், இரண்டாவது ஷேர் ஆட்டோ, மூன்றாவது சாப்பாடு, அப்புறம்தான் உபகரணம். ஷேர் ஆட்டோ வரியோடு எங்கள் ஊர் டவுன் பஸ் நேர அட்டவணையின் போட்டோவையும் இணைத்தோம். இந்த முறை அந்தக் கேள்வியையே யாரும் கேட்கவில்லை. கம்பெனிகள் ஆண்டுச் செயல்திட்டம் போடும் ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் விண்ணப்பம் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். டிசம்பருக்கு மேல் போனால் மார்ச் அவசரத்தில்தான் போய் நிற்கும்.